பகலில் தூங்க ஒரு வண்டி

வண்டி செய்யும் யோசனை என் வீட்டுக்காரருக்கு வந்தபோது எனக்கு இரவு ஷிஃப்ட் நடந்துகொண்டிருந்தது. காலையில் வந்து நாஷ்டா முடித்துப் பாயில் சாய்ந்தவளிடம் போனை நீட்டினார். ஏதோ வெளிநாட்டில் காருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, குழாயில் தொங்கும் நீர்த்துளியைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை. பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. இதை நானே செய்துவிடுவேன் என்றார். செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பேசவும் தெம்பில்லை.

அவர் கிரில், கேட் வெல்டிங் செய்பவர். முன்பு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிகளுக்கு பாடி கட்டும் கம்பெனி ஒன்றில் இருந்தார். அதை மூடிய பிறகு கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு சொந்தமாகத் தொழில் செய்கிறார். செய்த கேட்டுகளைக் கொண்டுபோய் மாட்டுவதற்குப் பழைய குட்டியானை வண்டி ஒன்று இருக்கிறது. நான் கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெள்ளை வெளிச்சத் திரைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகரும். கீறல், காற்றுக் குமிழி, வாய் கோணல் என்று எது தென்பட்டாலும் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். உடம்பு ஒன்றுக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும். மகளைச் சூலூர்ப்பேட்டையில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். இனிமேலாவது நாலு ஊர் பார்க்கலாம் என்று அவருக்கு ஆசை. எனக்குப் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சதுரக் குழாயில் சட்டம் வைத்தார். உடைத்து விற்ற கார் ஒன்றின் சக்கரங்களும் அச்சும் வாங்கி அடியில் மாட்டினார். பக்கங்களுக்கு பிளைவுட், மேலே வளைத்து அடித்த அலுமினியத் தகடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் பிளைவுட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. நின்றபடியே கண் சொக்கும். தெருவில் இதைக் கோழிக்கூண்டு என்றார்கள். ரோட்டில் இழுத்துப் போவதற்கான பேப்பர் வாங்க அவர் திருவள்ளூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்த கதை தனி. வாங்கி முடித்தபோது ஒரு சுற்று இளைத்திருந்தார்.

முதல் பயணமாகப் பழவேற்காட்டுக்குப் போனோம். இருட்டியதும் உள்ளே படுத்துக் கதவைச் சாத்தினோம். இட்லிப் பானைக்குள் வைத்த மாதிரி ஆகிவிட்டது. கதவைத் திறந்தால் கொசு. மூடினால் எங்கள் மூச்சே ஈரமாகிக் கூரைத் தகட்டில் கோத்து, முகத்தில் சொட்டியது. யாராவது ஒருவர் புரண்டால் வண்டியே ஒரு பக்கம் சாய்ந்தது. விடிவதற்குள் கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டோம். அவர் சோர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். வந்ததும் டீ கூடக் குடிக்காமல் கூரைத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. தகட்டுக்கும் உள்கூரைக்கும் நடுவில் தெர்மோகோல் வைத்தார். அது வண்டி ஓடும்போது உரசிக் கீச்கீச்சென்று கத்தியது. அதை எடுத்துவிட்டு மெத்தென்ற ஃபோம் ஷீட் ஒட்டினார். அந்தப் பசையின் நெடி போக வெகுநாள் ஆனது. நான்கு மூலையிலும் கீழே இறக்கிவிடும் கால்கள் வைத்தார், ஆட்டம் நின்றது. ஜன்னலுக்குக் கொசுவலை வைத்தார். கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்றும், அதற்கு பேட்டரி ஒன்றும் வைத்தார். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கண்ணில் படும். ஃபேன் வைத்த ஓட்டையில் மழை வந்தது. மழைக்கு மூடி போட்டால் காற்று போகவில்லை. எந்தக் கம்பெனியும் சம்பளம் தராத ஓவர்டைம் அது. எப்போது முடியும் என்று ஒருநாள் கேட்டேன். இன்னும் ஒரு வேலைதான் பாக்கி என்றார். அந்த ஒரு வேலை எப்போதும் பாக்கி இருந்தது.

எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கிற நேரத்தில் கூரை காய ஆரம்பிக்கும். எதிர் வீட்டில் டிவி, தெருவில் தண்ணீர் லாரி, பக்கத்துக் கொட்டகையில் என் வீட்டுக்காரர் இரும்பு அறுக்கும் மிஷின். நான் தூங்க வேண்டும் என்று அவர் காலையில் மிஷினைப் போடாமல் இருந்து பார்த்தார். அப்படி இருந்தால் வேலை நடக்காது, போடுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். கண்ணை மூடினால் பாட்டில்கள் நகரும். திடுக்கிட்டு எழுந்து மணியைப் பார்த்தால் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பிறகு எழுந்து சோறு வைக்க வேண்டியதுதான்.

ஒரு சித்திரை மாதத்துக் காலையில் அது நடந்தது. எங்கள் கம்பெனி பஸ் கவரைப்பேட்டையில் நின்று, பிறகு பக்கத்திலிருக்கிற ஆரணி வரை போகும். நான் கடைசி சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கம்பியில் தலை வைத்தது மட்டும் நினைவிருக்கிறது. கண் திறந்தபோது பஸ்ஸில் யாரும் இல்லை. பஸ் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால் பெரிய வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. கதவு பூட்டியிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பையைத் துழாவிப் போனை எடுத்தால், அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார்.

நான் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே எடுத்தார். தொழிற்சாலை வாசல் வரை போய் விசாரித்திருக்கிறார். பஸ் ஏறினாள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். பிறகு ரயில்வே கேட் பக்கம் போய் நின்றிருக்கிறார். அங்கே எதற்குப் போனீர்கள் என்று நான் பிறகும் கேட்கவில்லை. குட்டியானையை எடுத்துக்கொண்டு ஆரணிக்கு வந்து சேர்ந்தபோது, நான் ஜன்னலைத் தட்டிய சத்தம் கேட்டு டிரைவர் வந்து கதவைத் திறந்துவிட்டு எனக்கு சோடா வாங்கிக் கொடுத்திருந்தார். கடைசி சீட்டைப் பார்க்காமல் பூட்டியது அவர் தப்புதான். வேலை போய்விடும் என்று பயந்து போயிருந்தார். கம்பெனியில் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை.

திரும்பி வரும் வழியில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"பயந்துட்டியா?" என்றார்.

"இல்ல. நல்லா தூங்கினேன்" என்றேன். "வெயில் ஏறாம இருந்திருந்தா இன்னும் தூங்கிக்கினுதான் இருந்திருப்பேன்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஊட்ல ஒருநாளும் நீ இப்டி தூங்கி நான் பாத்ததில்ல" என்றார். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எனக்கு மறுபடி கண் செருகியது.

அதற்குப் பிறகு அவர் ஊர் பார்க்கிற பேச்சையே எடுக்கவில்லை. பின்பக்கத்து அடுப்பைக் கழற்றி எடுத்துவிட்டார். அடுப்பு இருந்த இடத்தையும் உள்பக்கம் சேர்த்து மெத்தையை நீளமாக்கினார். வெளிச்சம் வராமல் ஜன்னலுக்கு இரட்டைத் துணியில் திரை தைக்கச் சொன்னார். இடுக்கு தெரியாமல் கதவு விளிம்பில் ரப்பர் பீடிங் பட்டை ஒட்டினார். ஃபேன் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று மாற்றினார், மாற்றியதும் ரீங்காரம் போடுகிறது என்று மறுபடி மாற்றினார். கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார். ஒவ்வொன்றுக்கும் என்னை உள்ளே படுக்கவைத்துக் கதவைச் சாத்தி, வெளியே நின்று, இப்போது எப்படி என்று கேட்பார். கேட்பது எனக்குக் காதில் விழுந்தால் அவர் முகம் வாடிவிடும். சத்தம் உள்ளே போகக் கூடாது என்பதுதான் அவருடைய கணக்கு.

என்ன செய்தாலும் எங்கள் தெருவில் அது சரிப்படவில்லை. தண்ணீர் லாரி வந்தால் தரையே அதிர்ந்தது. வண்டியை வேறு இடத்தில் நிறுத்த வேண்டும் என்றார். ஆரணிப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அதன் சொந்தக்காரருக்கு அவர் கேட் செய்து மாட்டியிருந்தார். போய்க் கேட்டதும், இரவு ஷிஃப்ட் வாரங்களில் மட்டும் நிறுத்திக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாராம். சந்தோஷமாக வந்து சொன்னார். எந்தத் தோப்பு என்று அடையாளம் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல அது எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துபோனது.

அந்தத் தோப்புக்கு முன்னால் இருக்கிற நெல்வயலில்தான் என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். இப்போதைய சொந்தக்காரரின் அப்பாவை, எங்கள் சேரிச் சனம் எல்லாரையும் போல, 'ஆண்டே' என்றுதான் அவள் கூப்பிடுவாள். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து கூழ் குடிப்பார்கள். மாமர நிழல் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் அது வேலிக்கு உள்ளே இருந்தது. அம்மா அங்கே படுத்து நான் பார்த்ததில்லை. அவள் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிவிட்டது. நான் பிறந்த ஊர் அதுதான், வீட்டுக்காரருக்கு ஊர் மீஞ்சூர்ப் பக்கம். அம்மா எந்த வயலில் வேலை செய்தாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வண்டியின் கால்களுக்கு அடியில் வைக்கப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

முதல் நாள் காலை கம்பெனி பஸ் டிரைவர் என்னை ஏரிக்கரையில் இறக்கிவிட்டார். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திக் கால்களை இறக்கிவைத்திருந்தார். உள்ளே படுத்தேன். நல்ல நிழல், நல்ல அமைதி. தூக்கம் மட்டும் வரவில்லை. மொபெட் சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சொந்தக்காரர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். நான் யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். அம்மா பெயரைச் சொன்னேன்.

"உங்கம்மா நடவு நட்டா நூல் புடிச்ச மாதிரி இருக்கும்" என்றார். பிறகு வண்டியைக் கையால் தட்டிப் பார்த்து, "நீ இங்க தூங்கறதுக்கு வந்துக்கீற" என்றார்.

அதில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. கேலியாகவும் இருக்கலாம், வெறும் வார்த்தையாகவும் இருக்கலாம்.

"நைட்டு வேலை சார். ராத்திரி பூரா நின்னுக்கினே இருக்கணும்" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். போகும்போது வீட்டுக்காரரிடம், மோட்டார் ரூம் பக்கம் மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் அங்கேதான் இருந்தது. வீட்டுக்காரர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம்தான் அவரிடம் அம்மா கதையைச் சொன்னேன். வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்டார். இடம் நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்றேன். அடுத்த நாள் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, அதற்குப் பித்தளைக் குழாய் மாட்டியிருந்தார். வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வருவது, யாரையும் கேட்க வேண்டாம் என்றார்.

அந்த வாரம் மிச்ச நாளெல்லாம் தூங்கினேன். அம்மா குனிந்து நின்ற வயலுக்கு எதிரில், அவள் நுழையாத நிழலில் படுத்திருக்கிறேனே, பெருமையாக இருந்ததா என்று மகள் போனில் கேட்டாள். பெருமைப்படக்கூட விழித்திருக்க வேண்டுமே. எனக்குத் தூக்கம் வந்தது, தூங்கினேன். ஒருநாள் மட்டும் எழுந்தபோது காரணம் இல்லாமல் அழுகை வந்தது. மெத்தையைத் தட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வீட்டுக்காரர் வெளியே கயிற்றுக்கட்டில் போட்டுக் காவல் இருந்தார். அவருக்கு வேலை கெட்டது. பிறகு உள்பக்கம் கனத்த தாழ்ப்பாள் வைத்தார். மெத்தைக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்து, அதைக் கூரைமேல் இருக்கிற லாரி ஹாரனோடு சேர்த்தார். ஏதாவது என்றால் அழுத்து, ஏரிக்கரை வரை கேட்கும் என்றார். தோப்பில் எந்த நேரமும் யாராவது வேலையாக இருப்பார்கள் என்பதால் எனக்குப் பெரிய பயம் இல்லை. இருந்தாலும் அவர் மனம் ஆற வேண்டுமே.

என் லைனில் எனக்கு அடுத்து நிற்பவள் பொன்னேரிக்காரி. சின்ன வயது. வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள், மாமியார், ஒற்றை அறை. இரவு வேலை முடிந்து போனால் குழந்தைகள் மேலே ஏறி விளையாடுமாம். ஒருநாள் அவள் கையில் பாட்டிலைப் பிடித்தபடியே நின்று தூங்குவதைப் பார்த்தேன். தோளைத் தொட்டு எழுப்பினேன். சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்.

"அக்கா, உங்க வண்டியில எனக்கும் கொஞ்சம் எடம் இருக்குமா?"

மெத்தை இரண்டு பேருக்கானது. அவள் புருஷன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் அவனை அழைத்துவந்து வண்டியைக் காட்டினார். அவனும் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன்தான். உள்ளே படுத்துப் பார்த்தான். படுத்தவன் எழுந்திருக்க நேரமானது. பிறகு சரி என்றுவிட்டான். குழந்தைகளை மத்தியானம் வரை மாமியார் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

அவள் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தூக்கத்தில் புரண்டு முழங்கையை அந்தப் பட்டன்மேல் வைத்துவிட்டாள். லாரி ஹாரன் தோப்பு முழுக்க அலறியது. மரத்திலிருந்த கிளிகள் மொத்தமும் கிளம்பிப் பறந்தன. அவளுக்கு எங்கே இருக்கிறோம் என்பதே புரியவில்லை, முழங்கையை எடுக்கவும் தெரியவில்லை. நான் அவளைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தால், சொந்தக்காரர் கையில் தடியோடு மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தார். அந்த வயதில் அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறார். தலைமுடி கலைந்து, தூக்கம் கலையாமல் நாங்கள் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்ததும் தடியைக் கீழே போட்டார். நின்றபடியே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது.

"யாரு வந்தது?" என்றார்.

"யாரும் வரல சார். தூக்கத்துல கை பட்டுடுச்சு."

அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது. தொட்டிக் குழாயைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்தேன். பிடித்த பிறகுதான் யோசனை வந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர், எங்கள் வீட்டு டம்ளர். நீட்டிய கையைப் பின்னால் இழுக்கவும் முடியாது. அவர் டம்ளரைப் பார்த்தார். வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, உதட்டில் வைத்தே குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். அதையும் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"பேஜாரு புடிச்ச வண்டியா இருக்குதே" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். தடியை எடுத்துக் கொடுத்தேன். வயல் பக்கமாகப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் பட்டனைக் கழற்றி, கைக்கு எட்டும், ஆனால் முழங்கை படாத உயரத்தில், மேலே ஒரு மூடி போட்டு மாட்டினார். சொந்தக்காரர் பிறகு எங்களிடம் அதிகம் பேசவில்லை. மோட்டார் ரூம் பற்றியும் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் போகவில்லை. ஒருமுறை மாங்காய் இறக்கும்போது ஆட்களைச் சத்தம் போடாமல் வேலை செய்யுங்கள் என்று அவர் அதட்டுவது அரைத்தூக்கத்தில் காதில் விழுந்தது. அந்த அதட்டல்தான் அன்றைக்கு எங்களை எழுப்பியது.

இப்போது மழைக்காலம். தோப்பு சேறாகிவிட்டது. சக்கரம் புதைந்து, குட்டியானையால் இழுக்க முடியாமல், சொந்தக்காரரின் டிராக்டர் வந்துதான் வண்டியை ரோட்டுக்கு ஏற்றியது. வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறோம். மழை பெய்யும்போது கூரையில் விழும் சத்தத்தில் தெருச் சத்தம் அமுங்கிவிடுவதால் தூங்க முடிகிறது. வெயில் அடித்தால் முடிவதில்லை. பொன்னேரிக்காரியும் கவரைப்பேட்டையிலேயே இறங்கி வந்துவிடுகிறாள்.

எனக்கு இன்னும் நிறைய வருஷம் சர்வீஸ் இருக்கிறது. ஷிஃப்ட் மாறப்போவதில்லை. தூக்கம் கிடைத்ததால் அலுப்பு போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. அலுப்பு இருக்கிறது, தாங்க முடிகிறது. நேற்று காலை நாங்கள் உள்ளே படுத்ததும் கூரை இணைப்பில் எங்கோ ஒழுக ஆரம்பித்து, அவள் கால்பக்கத்தில் சொட்டியது. அவள் காலை மடக்கிக்கொண்டு தூங்கிவிட்டாள். வீட்டுக்காரர் அதற்குள் ஏணியைச் சாய்த்து, கையில் ஒழுகலை அடைக்கும் சீலன்ட் டியூபோடு மேலே ஏறிவிட்டார். தலைக்கு மேல் அவர் முழங்கால் நகரும் சத்தம் கேட்டது. நான் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

"நாங்க எழுந்ததும் பண்ணிக்கலாம், எறங்குங்க" என்றேன்.

"மழ உள்ள வந்துடும்" என்றார்.

"வரட்டும்."

அவர் டியூபை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஏணி முனகாமல், ஒவ்வொரு படியாக இறங்கினார்.